முழு மேட்ச் அண்ணன்

வேலையில் நான் செய்த பெரிய முட்டாள்தனத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்டெம் செல் டிரான்ஸ்பிளான்ட் பிரிவில் கோஆர்டினேட்டராக இருந்தவள் நான். தூத்துக்குடி துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் செல்வினுக்கு ஏ.எம்.எல். என்னும் ரத்தப் புற்றுநோய். கீமோவில் நோய் அடங்கியிருந்தது. அது திரும்புவதற்குள் வேறொருவரின் ஸ்டெம் செல்லை ஏற்றியாக வேண்டும். அவருடைய அண்ணன் ஜெபராஜின் செல் முழுதாகப் பொருந்துகிறது, முழு மேட்ச், என்று ரிப்போர்ட் வந்தது. சந்தோஷத்தில், அவரிடம் பேசுவதற்கு முன்பே செல்வினின் மனைவிக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன்.

அந்த அம்மாள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார். சாயங்காலமே சொந்தபந்தம் முழுக்க ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக ஜெபராஜ் வீட்டில் போய் நின்றது.

மறுநாள் அவர் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். சொந்தமாகக் கன்டெய்னர் லாரிகள் ஓட்டுகிறவர். போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

“சிஸ்டர், கார்-டின்னு புதுசா வந்திருக்காம்லா. நோயாளி செல்லயே எடுத்து, லேப்ல பழக்கி, திரும்ப உள்ள விடுதானாம். தம்பிக்கு அதப் போடுங்க. எம்புட்டு ஆனாலும் நான் தாரேன்.”

“அது வேற சில ரத்தப் புற்றுநோய்க்கு நல்லா கேக்குது அண்ணாச்சி. உங்க தம்பிக்கு வந்த வகைக்கு இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு. இப்ப உங்க செல்தான் வேணும்.”

“முதுகுத்தண்டுல ஓட்டை போட்டா நான் எப்படி எந்திரிச்சி நடக்க?”

“முதுகுல ஒண்ணுமில்ல. சில நாள் ஊசி போட்டுட்டு, மெஷின் பக்கத்துல கைய நீட்டிப் படுத்திருந்தாப் போதும்.”

தலையை ஆட்டிவிட்டுப் போனார். அதன் பிறகு போனை எடுக்கவே இல்லை. ‘தம்பிக்காக ஜெபிக்கிறோம்’ என்று மெசேஜ் மட்டும் தினமும் வந்தது. பணம் தருவாராம், ஜெபம் தருவாராம், கையை மட்டும் நீட்ட மாட்டாராம். இப்படிப்பட்ட வீரர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். முக்கால்வாசிப் பேருக்கு மீசை பெரிதாக இருக்கும்.

செல்வின் மட்டும் ஒவ்வொரு செக்கப்பிலும், “அண்ணன் வாரேன்னு சொன்னானா சிஸ்டர்?” என்று கேட்பார். நான் மறுபடியும் ஜெபராஜ் நம்பரை அழுத்துவேன்.

முன்பெல்லாம் முழு மேட்ச் கிடைக்காவிட்டால் அநேகமாக அத்தோடு முடிந்தது. இப்போது பாதி மேட்சே போதும். செல் ஏற்றிய பிறகு கொடுக்கிற மருந்து பொருந்தாத பாதியைச் சமாளிக்கும். பெற்ற பிள்ளை எப்படியும் பாதி மேட்ச். செல்வினின் மகள் பியூலாவுக்குப் பத்தொன்பது வயது. “கல்யாணம் ஆகாத பிள்ள, நாளைக்கி மாப்பிள வீட்ல என்ன சொல்லுவாவ?” என்று அத்தைமார் கிளம்பினார்கள். அவர்களில் ஒருத்தியாவது தன் கையை நீட்டினாளா? இல்லை.

இந்த முறை பியூலாவை மட்டும் உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினேன்.

“உனக்கு இஷ்டமில்லன்னா எங்கிட்ட மட்டும் சொல்லு. டோனரா எடுக்க முடியாதுன்னு மட்டும் வெளிய சொல்லிருவோம். காரணம் யாருக்கும் தெரியாது.”

அவள் என்னையே பார்த்தாள். “பெரியப்பாட்டயும் இப்படித் தனியா கேட்டீங்களா சிஸ்டர்?”

“இல்லம்மா.”

“கேட்டிருந்தா அன்னைக்கே முடியாதுன்னு சொல்லிருப்பாவ. அப்பா இத்தன நாளு வாசலப் பாத்துட்டு இருந்திருக்க மாட்டாவ.”

பேனாவை வாங்கிச் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். அவளுடைய செல்கள் அப்பாவின் உடம்பில் ஒட்டின. செல்வின் மறுபடியும் கிரேன் ஏறிவிட்டார். இன்று வேலைக்குச் சேர்கிறவர்களுக்குச் சொல்வது இதுதான்: ரிப்போர்ட் முதலில் டோனருக்கு, அதுவும் தனியாக. அந்தக் கோழையை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் செல்வினை வாசலைப் பார்க்க வைத்தவள் நான்.