கம்பெனி ஏஜெண்டாக வாழ்ந்த எங்கள் நைனா

வாலாஜாபேட்டையில் பிறந்து, ஆம்பூரில் எங்களை ஆளாக்கிவிட்டு மறைந்த எங்கள் நைனா அவர்களின் முதலாண்டு நினைவு நாளில், மூத்த மகளாகிய நான் இதை எழுதுகிறேன். புகழ்ந்து மட்டும் எழுத மனம் வரவில்லை. உறவினர் பொறுத்தருள வேண்டும்.

பெற்றோரைச் சிறு வயதிலேயே இழந்த நைனா, தையல் மிஷின் பழுது பார்க்கக் கற்று, வேலூரில் மிஷின் விற்கும் வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்றில் சம்பளத்துக்குச் சேர்ந்தார். விஷக்காய்ச்சலில் படுத்திருந்தபோதும் அந்தச் சம்பளம் வீடு தேடி வந்தது.

ஆம்பூரில் தோல் வியாபாரம் செழித்து, வீட்டுக்கு வீடு மிஷின் கேட்ட காலம் அது. ஏஜென்சி எடுத்துக்கொள்ளும்படி மேனேஜர் நைனாவை அழைத்தார். அதுவரை நின்றுகொண்டே பேசியவருக்கு அன்று நாற்காலி போட்டார்களாம்.

"மாசம் பொறந்தா சம்பளம் வருது. இன்னா கொறை ஒங்களுக்கு?" என்றார் அம்மா.

"இன்னும் எத்தினி நாளு கைகட்டி நிக்கிறது? நமக்குன்னு ஒரு கடை வேணாவா?" என்றார் நைனா.

அம்மாவின் நகைகளை விற்று, ஆம்பூரில் கடை போட்டுச் சரக்கு எடுத்தார். பலகையில் கம்பெனியின் பெயர்தான். விலையும் கம்பெனி சொன்னதுதான். வேறு கம்பெனியின் ஊசிகூட விற்கக் கூடாது. ஊரார் மட்டும் அவரை முதலாளி என்றார்கள்.

அடுத்த மழையில் பாலாறு கடைக்குள் புகுந்தது. மிஷின்களெல்லாம் சேற்றில் கிடந்தன. நைனா வேலூருக்கு ஓடினார்.

"இப்ப நீங்க கம்பெனி ஆள் இல்ல, முதலாளி. லாபம் ஒங்களுதுன்னா நஷ்டம் யாருது?" என்று கேட்டாராம் மேனேஜர்.

பக்கத்துத் தோல் மண்டி பாய்தான், "பேஜாராவாதீங்கண்ணே, கழுவி எண்ணெ போட்டா ஓடும்" என்று தம் ஆட்களை அனுப்பினார்.

நைனா மீண்டும் தலைநிமிர்ந்தார். வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்குத் தைக்கக் கற்றுக்கொடுத்து, கடைக்கு வாடிக்கை சேர்த்தார். தம்மிடம் வேலை செய்த இருவர் நோயில் படுத்தால் ஒருநாளும் சம்பளம் பிடித்ததில்லை. வியாபாரம் சூடு பிடித்ததும், நைனா கடைக்கு எதிரிலேயே கம்பெனி சொந்தக் கடை திறந்து, ஓர் இளைஞரைச் சம்பளத்துக்கு உட்கார வைத்தது. அங்கே விலையும் கம்மி. ஒப்பந்தத்தில் அதற்குத் தடை இல்லையாம்.

மார்வலி வந்த பிறகும் நைனா கடைக்குப் போனார். தடுத்தால், "நான் படுத்தா கடையும் படுத்துடும்மா" என்பார். ஒரு மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோதே சாய்ந்துவிட்டார்.

கம்பெனியிலிருந்து ஒருவரும் வரவில்லை. எதிர்க்கடை இளைஞர்தான் கடையைச் சாத்திவிட்டு வந்து பாடைக்குத் தோள் கொடுத்தார்.

"லீவு கேட்டியாப்பா?" என்றார் பாய்.

"கேட்டா குடுக்க மாட்டாங்க பாய். நாளெல்லாம் எதிரெதிர ஒக்காந்திருந்தோம். ஒருநாள் கூட அவரு என்னை மொறைச்சிப் பாத்ததில்ல."

அனுமதியின்றிக் கடை அடைத்ததற்காகக் கம்பெனி அவரை நீக்கிவிட்டது.

பாய் குடும்பத்தாருக்கும், துக்கத்தில் துணைநின்ற அனைவருக்கும் எங்கள் நன்றி. அந்த இளைஞருக்கு நன்றி சொன்னால் மட்டும் போதாது. வாணியம்பாடிப் பக்கம் வேலை தேடி அலைகிறாராம். இதைப் படிப்பவர் யாரேனும் அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். சம்பள வேலையாக இருக்கட்டும்; ஏஜென்சி வேண்டாம்.