தெருமுனை வரை

அந்த வேட்டி புதுசு. கடைப் பையிலிருந்து அப்போதுதான் எடுத்திருந்தார்கள். காலடிப்பேட்டையில் அக்காவின் அம்மா உடலைக் கிடத்தியிருந்த வாசலில், தாய்மாமன் அதை அக்காவிடம் நீட்டியபோது எனக்கு ஒன்றுமே புரியவில்லை. பக்கத்தில் நாவிதர் கிண்ணத்தில் தண்ணீரோடு காத்திருந்தார். அதைப் பார்த்த பிறகுதான் விஷயம் உறைத்தது.

அக்கா என் கூடப் பிறந்தவள் அல்ல. ராயபுரத்தில் இறால் உரிக்கும் கம்பெனியில் என் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பவள்; திருநங்கை. அம்மாவுக்கு ஒரே பிள்ளை. மீசை முளைக்கிற வயதில் பொட்டு வைத்துக்கொண்டாள் என்று அவளை அடித்துத் துரத்தியவர் இதே மாமன்தான். அம்மா மட்டும் அவருக்குத் தெரியாமல் கம்பெனி வாசலுக்கு வந்து, தூக்குச் சட்டியில் மீன்குழம்பு கொடுத்துவிட்டுப் போவாள். ஆதாரில் பேரும் பாலினமும் மாறுவதற்கு அக்கா அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல. போன ஆபீஸிலெல்லாம் ஏற இறங்கப் பார்த்தார்கள், நாளைக்கு வா என்றார்கள், முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். கார்டு கைக்கு வந்த அன்று கம்பெனி முழுக்க ஜாங்கிரி கொடுத்தாள். சர்க்காரே ஒத்துக்கொண்ட பிறகு யார் என்ன சொல்லிவிட முடியும் என்று நானும் அசடு மாதிரி நம்பினேன்.

"முடிய எடுத்துகினு இத்த கட்டு. கொள்ளி வெக்க புள்ள வோணும்" என்றார் மாமன்.

"வெக்கிறேன் மாமா. பொடவையோடவே வெக்கிறேன். நான் அதுக்குப் பொண்ணு. கார்டுலயும் அப்டித்தான் கீது."

"கார்ட வெச்சிகினு ரேசன் வாங்கு. பொண்ணுன்னா தெருமுனையோட நின்னுக்க. பொம்பளைங்க சுடுகாட்டுக்கு வர்றதில்ல."

அந்தக் குடும்பத்து ஆண்கள் அவளைப் பெண் என்று ஒத்துக்கொண்டது அன்றைக்குத்தான், அதுவும் பெற்ற தாயிடமிருந்து விலக்கி நிறுத்துவதற்கு.

மேளம் கிளம்பியது, பின்னால் அம்மாவை ஏற்றிய வண்டியும். தீச்சட்டியை மாமனே எடுத்துக்கொண்டார். தெருமுனை வந்ததும் பெண்களோடு அக்காவும் நின்றுவிட்டாள். நான் அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"போக்கா. எவன் தடுக்கிறான்னு பாத்துடலாம்."

"நான் போனா பாடிய நட்ட நடு ரோட்டுல எறக்கி வெச்சிட்டு சண்டைக்கு வருவானுங்கடி. எங்கம்மா ரோட்டுல கெடக்கணுமா?"

வளைவில் திரும்பும்போது, பெற்ற பிள்ளை கொள்ளி வைக்காமல் போகிறதே என்று மாமனுக்குப் பயம் வந்ததோ என்னவோ, நின்று, அக்காவின் பழைய பேரைச் சொல்லி உரக்கக் கூப்பிட்டார். மேளச் சத்தத்தையும் மீறித் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். பெண்கள் எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்பதுபோல அவள் அம்மாவின் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் கையை மட்டும் எலும்பு நொறுங்குகிற மாதிரிப் பிடித்திருந்தாள்.