அம்மா கேட்டு வாங்கிய கடன்

"மொய் விருந்து அழைப்பு. நிகழும் ஆடி மாதம் 20ஆம் தேதி வியாழக்கிழமை பகல் 11 மணி முதல். தாங்கள் குடும்பத்துடன் வந்திருந்து விருந்துண்டு சிறப்பிக்க வேண்டுகிறோம்." கீழே அப்பாவின் பெயர், அதன் பக்கத்தில் அம்மாவின் பெயர். மஞ்சள் தாளில் அச்சடித்த இந்த அழைப்பில் தேதி இருக்கிறது, கிழமை இருக்கிறது, மண்டபத்துக்கு எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்பதுகூட இருக்கிறது. ஆண்டு மட்டும் இல்லை. எங்கள் பக்கத்து அழைப்புகள் பலவற்றுக்கும் இந்த வியாதி உண்டு. நான் அப்போது நான்காம் வகுப்பில் இருந்தேன் என்பதை வைத்துத்தான் காலத்தைக் கணக்கிட வேண்டியிருக்கிறது.

கீரமங்கலம், வடகாடு பக்கத்தைச் சேராதவர்களுக்கு ஒரு விளக்கம். ஆடியில் ஒருவர் கறி விருந்து வைப்பார். வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு மொய் செய்வார்கள். பின்னால் அவர்கள் விருந்து வைக்கும்போது, வாங்கியவர் அந்தத் தொகையைத் திருப்பிச் செய்து, மேலே புதிதாகவும் கொஞ்சம் போட வேண்டும். பத்திரம் கிடையாது, வட்டி கிடையாது. யார் எவ்வளவு செய்தார் என்று ஒரு மொய் நோட்டில் எழுதிக்கொள்வதோடு சரி. ஒரு குடும்பத்துக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை முறை வரும். எங்கள் விருந்தில் வந்த பணத்தில் அப்பா வயலில் போர் போட்டார். தண்ணீர் வந்தது. இரண்டு வருடத்தில் அம்மாவும் அப்பாவும் பிரிவது என்று முடிவாயிற்று. காரணத்தை எழுதப் போவதில்லை. இருவரும் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள், இரண்டும் ஒத்துப்போகவில்லை.

புதுக்கோட்டையில் பார்த்த வக்கீல், சொத்து என்ன, கடன் என்ன, எது யாருக்கு என்று பேசி எழுதிக்கொண்டு வரச் சொன்னார். கீரனூரிலிருந்து வந்திருந்த என் மாமா, அம்மாவின் தம்பி, திருச்சியில் ஒரு கம்பெனியில் வேலை பார்ப்பவர், எழுதுவதில் கெட்டிக்காரர். வீடு, வயல், மல்லிகைக் கொல்லை, மோட்டார் சைக்கிள், சொசைட்டிக் கடன் என்று எழுதிவிட்டு மொய்யையும் சேர்த்தார். பட்டியலைப் பார்த்த வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இதுக்கு டாகுமெண்ட் இருக்கா?"

"இல்லைங்க சார்."

"சாட்சி?"

"ஊரே சாட்சிங்க சார்."

"அப்ப ஊரையே கூண்டுல ஏத்தணும். இதை நீங்களே பேசி முடிச்சுட்டு வாங்க. கோர்ட்டுக்கு இதெல்லாம் கொண்டுவராதீங்க."

ஆக, வயலுக்குத் தண்ணீர் கொண்டுவந்த கடன் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாத கடனாகிவிட்டது. அதைப் பிரிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு வாசலில் பந்தல் நிழலில் கூடினார்கள். பெரியப்பா, அதாவது அப்பாவின் அண்ணன், ஒரு வழி சொன்னார். "அவங்கவங்க சொந்தம் செஞ்ச மொய்ய அவங்கவங்க திருப்பணும். அம்புட்டுத்தான், இதுல என்ன சிக்கல்?"

சிக்கல் மொய் நோட்டின் முதல் பெயரிலேயே வந்தது. அப்பாவின் சித்தப்பா அவர். அப்பா பக்கம் எழுதப் போன மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அங்கிட்டு எழுதாதீங்க தம்பி. இங்கிட்டு, ஒங்க அக்கா பக்கம் எழுதுங்க. என் சம்சாரம் வழியில அது எனக்கு மக மொறை."

அடுத்தது அப்பாவோடு கூடப்பிறந்த என் அத்தை. அம்மாவோடு பேச்சுவார்த்தையே இல்லாதவர். அவர் சொன்னார்: "எனக்கு அவ மதினி இல்லப்பா, தங்கச்சி மாதிரி. என்னுதையும் அவ கணக்குல போடு."

மாமா பேனாவைக் கீழே வைத்தார். "நேத்து வரைக்கும் எங்க அக்காளுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்காதவுக எல்லாம் இன்னைக்குத் தங்கச்சிங்கிறீங்களே, இது என்ன நியாயம்?"

"நியாயத்த விடுங்க தம்பி. ஒங்க மச்சான் அடுத்த மாசம் சிங்கப்பூரு போறாரு. நாங்க விருந்து வச்சா ஏரோப்பிளேன் ஏறிப் போயா மொய் கேக்குறது?" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.

பொழுது சாயும்வரை இதே கூத்து. எங்களோடு எந்த உறவும் இல்லாத உரக்கடைக்காரர்கூட அம்மாவின் ஊரில் தனக்கு ஒரு காலத்தில் நிலம் இருந்தது என்று ஒரு சொந்தத்தைக் கண்டுபிடித்தார். கடைசியில் பெரியப்பா தொண்டையைச் செருமினார். வழி சொன்னவரே அவர்தான்.

"அப்ப... என்னுதையும் அந்தப் பக்கமே போட்டுருங்க."

எனக்கு அன்று சந்தோஷம் தாங்கவில்லை. அப்பாவுக்கு யாருமே இல்லை, அம்மாவுக்கு இத்தனை சொந்தம் என்று எண்ணிக்கொண்டேன். மாமாவோ நெற்றியில் அடித்துக்கொண்டார். அம்மாவுக்கு என்று மிஞ்சப்போவது நகையை விற்று வாங்கிய மல்லிகைக் கொல்லை ஒன்றுதான். இவ்வளவு மொய்யும் அவள் தலையில் விழுந்தால் அந்தக் கொல்லையை விற்பதைத் தவிர வேறு வழியில்லை. நாங்கள் மாமா வீட்டு அடுப்படியில் படுக்க வேண்டியதுதான். இதை அவர் உரக்கவே சொன்னார்.

அதுவரை கதவோரம் நின்ற அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"எல்லாத்தையும் ஏம்பேருல எழுது."

"ஒனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?"

"எழுதுடா. ஒருத்தர் பாக்கியில்லாம எழுது. வீடு, வயலு, வண்டி எல்லாம் அவரே வச்சுக்கட்டும், சொசைட்டிக் கடன அவரே கட்டட்டும். எனக்குக் கொல்லை போதும். ஆனா இனிமே யாரு விருந்து வச்சாலும் அழைப்பு ஏம்பேருக்குத்தான் வரணும்."

அப்பா சற்று நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு "சரி" என்றார். மாமா கோபத்தில் அன்றைக்கே பஸ் ஏறிவிட்டார்.

எங்கள் வீடு போயிற்று. டிவியும் வீட்டோடு போயிற்று. கொல்லையின் ஓரத்தில் கீற்றுக் கொட்டகை போட்டுக் குடியேறினோம். நான் அம்மாவோடு பேசாமல் இருந்து பார்த்தேன். விடியுமுன் பூப் பறிக்கப் போகிறவளுக்கு நான் பேசாதது தெரிந்ததா என்பதே சந்தேகம். ஒவ்வொரு ஆடியிலும் அவள் மடியில் பணத்தை முடிந்துகொண்டு விருந்து விருந்தாகப் போனாள். வாங்கியதைத் திருப்பிச் செய்தாள், மேலேயும் போட்டாள். பூ விற்ற காசெல்லாம் அடுத்தவர் மொய்ப் பாத்திரத்தில் விழுந்தது. பள்ளிக்குப் புதுப் பை கேட்டேன். "ஆடி போகட்டும் ஆத்தா" என்றாள். ஆடி போனது, பை வரவில்லை. கடனைத் திருப்புவது சரி, மேலே ஏன் போடுகிறாள் என்று எனக்கு எரிச்சலாக வரும். மாமா கீரனூரிலிருந்து வரும்போதெல்லாம் அதே கேள்வியை என்னைவிடச் சத்தமாகக் கேட்டுவிட்டுப் போவார்.

நான் ஒன்பதாவது படிக்கும்போது எங்கள் முறை வந்தது. அச்சகத்தில் இருந்தவர், "சார் பேரு போடலையாம்மா?" என்று கேட்டார். "கறி வெட்ட அவரா வாராரு? என் பேர மட்டும் போடுங்க" என்றாள் அம்மா. இந்த அழைப்பிலும் ஆண்டு இல்லை. பிரிந்து வாழும் பெண் தனியாக வைக்கும் விருந்துக்கு யார் வருவார்கள் என்று மாமா முதல் பந்தி வரைக்கும் புலம்பினார். மூன்றாம் பந்தியில் அவருக்கே உட்கார இடமில்லை. அப்பாவின் சித்தப்பா வந்தார், அத்தை வந்தார், உரக்கடைக்காரர் வந்தார். வராமல் எப்படி இருப்பார்கள்? அம்மா மேலே போட்டதெல்லாம் இப்போது அவர்கள் கடன். மொய்யை அடைத்துவிட்டு விலகியவருக்கு விருந்து வைக்கும் முறை இல்லை. அடைத்து, மேலே போட்டு, தொடர்கிறவருக்குத்தான் அது உண்டு. நாங்கள் பாரம் என்று நினைத்ததை அம்மா சொத்து என்று கேட்டு வாங்கியிருக்கிறாள். வந்த பணத்தில் கொல்லையிலேயே ஓட்டு வீடு எழும்பியது. கொல்லை இன்றும் எங்களுடையது.

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் ஒன்று இடிக்கிறது. சிங்கப்பூர் போவதற்கு முன்பு, சுற்று வட்டாரத்தில் யார் விருந்து வைத்தாலும் மொய் எழுத அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். மொய் எப்படி ஓடும், எங்கே போய்ச் சேரும் என்பது அம்மாவைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அப்படிப்பட்டவர், மொய்க் கடனை இன்னொருவருக்கு விட்டுக்கொடுப்பவர் அடுத்த விருந்து வைக்கும் முறையையும் சேர்த்தே கொடுக்கிறார் என்பது தெரியாமலா அன்று "சரி" என்றார்? தரையைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் அவர் என்ன நினைத்தார் என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை. வீடு போகிறதே என்ற அழுகையில் இருந்தேன்.

அம்மாவிடம் கேட்டேன். "அந்த மனுசனுக்கு அம்புட்டு யோசனை இருந்தா நான் எதுக்குப் பிரியுறேன்? போய் வேலையப் பாரு" என்றாள். மாமாவிடம் கேட்டால், அம்மாவே கணக்குப் போட்டுச் செய்யவில்லை, ரோஷத்தில் வாயைவிட்டாள், அது நல்லபடியாக முடிந்தது என்கிறார். அப்பா தீபாவளிக்குத் தீபாவளி போன் செய்கிறார். மழை பெய்ததா என்று கேட்கிறார், மல்லிகை என்ன விலை என்று கேட்கிறார். நான் பதில் சொல்கிறேன். இதை மட்டும் கேட்டதில்லை.

அன்று அப்பா தெரிந்தே கொடுத்தாரா என்பது இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை.