பேருந்தில் கொலைத் தொடர் பார்த்த அம்மா

காரைக்குடியிலிருந்து சிவகங்கை போகும் பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். நரைத்த தலையை அள்ளி முடிந்திருந்தார். கைப்பேசியில் ஒரு கொலைத் தொடரைச் சத்தத்தைக் குறைத்துவைத்துப் பார்த்துக்கொண்டு வந்தார். திரையில் வெயில் அடிக்கும்போதெல்லாம் முந்தானையால் மறைத்துக்கொள்வார். நானும் விடாமல் பார்க்கும் தொடர்தான் அது.

“கோர்ட்டு சீனெல்லாம் பிரமாதமா இருக்கும்மா” என்றேன்.

“இன்ஸ்பெக்டரு விசாரிக்கிறது நெசமா இருக்கு தம்பி. கத்தாமயே ஆள நடுங்க வைக்கிறாரு. கோர்ட்டுதான் சரியில்ல. செத்தவன் வீட்டாளுக ஒரு பக்கம், கொன்னவன் வீட்டாளுக ஒரு பக்கம்னு பிரிச்சு உக்கார வச்சிருக்காக. அப்படியா இருக்கு?”

“நீங்க கோர்ட்டுக்குப் போயிருக்கீகளா?”

“இப்ப அங்கதான் போறேன். செத்தது எந்தம்பி. குத்துனது எம்மகன். இன்னைக்கித் தீர்ப்பு.”

நாட்டரசன்கோட்டை தாண்டியதும் அவரே கேட்டார்.

“நீங்க சொல்லுங்க தம்பி, நான் சாமிகிட்ட என்னன்னு வேண்டிக்கிறது?”

“நல்லது நடக்கும்மா” என்று உளறினேன்.

“யாருக்கு?” என்றார். அதில் கோபம் இல்லை. எனக்குப் பதில் தெரியும் என்று நம்பிக் கேட்டதுபோல் இருந்தது.

நீதிமன்ற நிறுத்தத்தில் தலையசைத்துவிட்டு இறங்கிப் போனார். என்ன தீர்ப்பு வந்ததென்று எனக்குத் தெரியாது. எப்படி வந்திருந்தால் அன்றிரவு அவர் தூங்கியிருப்பார் என்பதும் இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.