காக்காப்பொன் குழியில் போடாத தழை

ஐம்பதுகளின் கடைசி. எனக்கு இருபத்திரண்டு வயது. ஸ்ரீரங்கத்தில் வீடு, மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு ஜவுளிக்கடையில் வேலை. பெருமாள் தீர்த்தம் வாங்காமல் வீட்டில் ஒருவாய் சாப்பிட்டதில்லை. அம்மாவை எதிர்த்துப் பேசத் துணிச்சல் கிடையாது. அந்தத் துணிச்சலையெல்லாம் காவிரிப் பாலத்தைத் தாண்டி வந்து, கடையில் என்னோடு துணி கிழித்துக் கொடுத்த நண்பனிடம் காட்டுவேன். சாமி இல்லை, சடங்கெல்லாம் மடத்தனம் என்று மதியச் சாப்பாட்டு வேளையில் பொழிந்து தள்ளுவேன். அவன் வாயைப் பிளந்துகொண்டு கேட்பான்.

அவனுக்கு மருங்காபுரிப் பக்கம். மழையை நம்பிய காடு. அவன் கைக்குழந்தையாக இருந்தபோது அப்பா காக்காப்பொன், அதாவது மைக்கா, வெட்டும் சுரங்கத்துக்குக் கூலிக்குப் போனார். ஒருநாள் குழி சரிந்தது. உடம்பு கிடைக்கவில்லை. கொஞ்ச நாளில் சுரங்கத்தையே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

ஒரு மாசி மாத ஞாயிற்றுக்கிழமை என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனான். பஸ்ஸை விட்டு இறங்கி மலைக்காட்டுத் தடத்தில் இரண்டு மணி நேர நடை. மேலே போகப் போக மண்ணே மினுமினுத்தது. காக்காப்பொன் செதில்கள் வேட்டியில் ஒட்டிக்கொண்டன. கூரை போன கல் கொட்டகை ஒன்று, துருப்பிடித்த தள்ளுவண்டிச் சக்கரம், அதற்கப்பால் புதருக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஏழெட்டுக் குழிகள். எல்லாம் ஒரே மாதிரி. ஒன்றின் வாயில் மட்டும் காய்ந்த தழைகள் குவிந்திருந்தன.

ஆள் செத்த இடத்தில் பச்சைத் தழை ஒடித்துப் போடுவது அந்தப் பக்கத்து வழக்கம். மூட்டுவலி வரும்வரை அவன் அம்மாவும் வந்து போட்டிருக்கிறாள். பிறகு வருஷத்துக்கொரு முறை இவன் மட்டும். வேறு யாரும் அந்தத் தடத்தில் வருவதில்லை.

ஒரு கொத்தை என்னிடம் நீட்டினான். "நீயும் ஒண்ணு போடுடா."

"உள்ள இருக்கறது எலும்புடா. எலும்புக்கு எதுக்குத் தழை? ஆட்டுக்குப் போட்டாலும் பிரயோஜனம்" என்றேன்.

அவன் சிரித்தான். கோபப்பட்டிருந்தால் வாயை மூடியிருப்பேன். சிரித்ததால் மலை இறங்கும்வரை பேசிக்கொண்டே வந்தேன்.

அடுத்த மாசியில், "போகலையா?" என்று கேட்டேன். "நீ சொன்னது சரிதான்டா" என்றான். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. ஒருத்தனைத் திருத்திவிட்டேன் என்று டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஆறு வருஷம் போனது. அவன் அம்மா படுத்த படுக்கையானாள். கண்ணிலும் புரை. கண்ணை மூடுவதற்குள் ஒருமுறை தன் கையால் தழை போட வேண்டும் என்று ஒரே பிடிவாதம். ஊர் இளவட்டங்கள் நாலு பேர் கயிற்றுக் கட்டிலில் அவளைத் தூக்கிவர, நாங்கள் இருவரும் வழிகாட்டிக்கொண்டு முன்னே போனோம்.

குழிகளைச் சுற்றி உண்ணிச்செடி மண்டிக் கிடந்தது. பாதிக் குழிகள் தூர்ந்திருந்தன. தழைக் குவியலைக் காணோம். இத்தனை மழையில் மக்கி மண்ணோடு மண்ணாகியிருந்தது. அவன் ஒரு குழியிலிருந்து இன்னொன்றுக்கு ஓடினான். பிறகு திரும்பி என்னைப் பார்த்தான்.

"வந்துட்டமாப்பா? எந்தப் பக்கம்?" என்றாள் கட்டிலில் இருந்தபடி.

அவன் இன்னொரு புதரை விலக்கப் போனான். நான்தான் பக்கத்தில் இருந்த ஒரு குழியைக் காட்டி, "இதோ இருக்குங்கம்மா" என்றேன். பொய் புரட்டு என்று ஊரையே ஏசித் திரிந்த நான்.

கட்டிலைக் குழியோரம் இறக்கிவைத்ததும் தடவித் தடவித் தழையைப் போட்டாள். குனிந்து குழியிடம் ஏதோ பேசினாள். பிறகு என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"வருஷம் தவறாம நீங்களும் இவன்கூட வந்து தழை போடறீங்கன்னு சொல்லுவான் தம்பி. யாரு பெத்த பிள்ளையோ, எங்க வீட்டு மனுசருக்காக இம்புட்டு தூரம் நடந்திருக்கீங்க. நல்லா இருக்கணும்."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். என் வெட்கத்துக்கு அளவில்லை. ஆனாலும், "அதுல என்னங்கம்மா இருக்கு" என்றுதான் சொன்னேன்.

கட்டிலைத் தூக்கிக்கொண்டு அவர்கள் மலை இறங்கத் தொடங்கியதும் நான் பின்தங்கினேன். கண்ணில் பட்ட குழிக்கெல்லாம் ஒரு தழை ஒடித்துப் போட்டேன். செடிக்குள் மறைந்தது எத்தனையோ தெரியவில்லை. ஒன்றாவது விட்டுப்போயிருக்கும்.