நகர்ந்த புல்திட்டு

பர்மாவில் மழை ஓய்ந்துவிடும் ஐப்பசியில் நானும் என் கணவரும் ரங்கூனிலிருந்து ரயிலேறிப் போய், இன்லே ஏரியைச் சுற்றியுள்ள மலைகளில் ஆசை தீர நடந்தோம். பசியோடு கரைக்கு இறங்கி, பச்சைப் பசேலென்று நீண்டு கிடந்த புல்திட்டில் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தோம். கால் சற்று அமிழ்ந்தது; மழை ஈரம் என்று நினைத்தோம்.

"ஏங்க, மலை நகருதுங்க!"

"மலை எங்கயாவது நகருமா? பேசாம சாப்பிடு" என்றார், துறைமுகத்தில் வேலை பார்க்கும் என் கணவர்.

திரும்பினால், கரை எங்கோ தூரத்தில்! அலறிவிட்டேன். திட்டின் மறுமுனையில் கயிறு கட்டிப் படகில் இழுத்துப்போன உள்ளூர்க்காரர், அவ்வூர் வழக்கப்படி காலால் துடுப்பு வலித்தபடியே பார்த்துச் சிரித்தார். காய்கறி போடுவதற்காக அவர் கொண்டுபோகும் மிதக்கும் தோட்டமாம் அது! புளியோதரையில் பங்கு வாங்கிக்கொண்டு எங்களைக் கரை சேர்த்தார்.

இப்போதெல்லாம் இலை போடுமுன் தரையை ஒருமுறை மிதித்துப் பார்க்கிறேன், எங்கள் மாடி வீட்டில்கூட. துறைமுகக்காரரான என் கணவரோ, நாங்கள் மிதந்ததை ஒப்புக்கொள்ளாமல், நகர்ந்தது மலைதான் என்று இன்றும் சாதிக்கிறார்.