மழையில்லாத நாளில் நனைந்த மணல்

கல்லூரியின் பின்வாசலைத் தாண்டி, தென்னந்தோப்புகளுக்கு நடுவே கிணத்துக்கடவுக்குப் போகும் மண்தடத்தில் நடந்துகொண்டிருந்தேன். தோளில் துணிப்பை, கையில் குழாய் அறுக்கும் ரம்பம். ரம்பம் கல்லூரியுடையது. திருப்பிக் கொடுக்கத் தோன்றவில்லை. பங்குனி மாத வெயில். கல்லூரி வேலியை ஒட்டிய தோட்டத்து அம்மா மாட்டுத்தொட்டிக்குப் பக்கத்தில் நின்றவர், என்னைப் பார்த்துவிட்டுச் சொம்பை நீட்டினார்.

"ஏனுங்க, பையெல்லாம் தூக்கிட்டு எங்கீங்க? இந்த வெயில்ல ஒரு சொம்பு தண்ணி குடிச்சுப்போட்டுப் போங்க."

"இருக்கட்டுங்க. வாரேனுங்க" என்று சொல்லி நடையை எட்டிப் போட்டேன். அந்தச் சொம்பில் இருந்தது அவர்கள் கிணற்றுத் தண்ணீர். அந்தக் கிணற்றுக்குள் என்ன இறங்கிக்கொண்டிருந்தது என்பது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அதன்பின் எந்த ஊரிலும் நிலைத்து இருந்ததில்லை. வால்பாறையில் தேயிலை மூட்டை ஏற்றினேன். குளிர் ஒத்துக்கொள்ளாமல் இறங்கி வந்து மில்லில் பஞ்சுப் பொதி புரட்டினேன். நெஞ்சு அடைத்தது, அதையும் விட்டேன். தொண்ணூறுகளின் நடுவில் இந்தக் கல்லூரியில் மோட்டார் போடுவது, செடிகளுக்குத் தண்ணீர் விடுவது, குழாய் ஒழுகினால் அடைப்பது என்று வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு முப்பத்து நான்கு வயது. மோட்டார் அறையிலேயே படுக்கை. ஒரு வருடத்துக்கு மேல் நான் தங்கிய இடம் அது ஒன்றுதான். அதற்குக் காரணம் தாவரவியல் மேடம்.

மேடம் என்னைவிட எட்டு வயதாவது இளையவர். ஒவ்வொரு வருடமும் ஜூன் மாதத்தில் புதிதாக ஒப்பந்தம் எழுதி வாங்கினால்தான் அவருக்கு வேலை உண்டு. சனிக்கிழமை மதியங்களில், சுற்றுச்சூழலைப் பற்றி மாணவர்களுக்குத் தனி வகுப்பு எடுத்தார். வாளி வைக்கப் போனவனை, "உக்காருங்கண்ணா, வாளி எங்கயும் ஓடிப்போகாது" என்று கடைசி பெஞ்சில் உட்கார வைத்தார். பாடம் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு நாளில் நீ எதையெல்லாம் எறிகிறாய், அது எங்கே போகிறது, எழுது என்பார். ஹாஸ்டல் சோறு, பேனா, சோப்பு நுரை என்று பையன்கள் எழுதுவார்கள். எல்லாவற்றுக்கும் எதிரே, போகும் இடம் 'வெளியே' என்று இருக்கும். மேடம் நோட்டை மூடிவிட்டுக் கேட்பார்: "வெளியேன்னு எழுதியிருக்கறீங்களே, அது யாரோட ஊடுங்க?" எனக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. வெளியே என்று எழுதப்படும் இடங்களில்தான் நான் அதுவரை வாழ்ந்திருந்தேன்.

கல்லூரி வளாகத்தில் ஒரு காய்ந்த ஆழ்குழாய்க் கிணறு கிடந்தது. அறுநூறு அடி போட்டும் புழுதிதான் வந்தது என்பார்கள். மாடியில் விழும் மழையை அதற்குள் இறக்கினால் நிலத்தடி நீர் ஊறும் என்று மேடம் தாளாளரிடம் பேசி அனுமதி வாங்கினார். மாணவர்கள் அதைச் சுற்றிக் குழி வெட்டி ஜல்லி, அடுப்புக்கரி, மணல் என்று அடுக்கு அடுக்காகப் போட்டார்கள். மாடிக் குழாயைக் குழியில் சேர்த்தது நான். பச்சை எழுத்தில் பலகை வைத்தார்கள். சிறந்த பசுமைக் கல்லூரிக்கான பரிசுக்கு மனு போயிற்று. பார்வையிட ஒரு குழு வருவதாகக் கடிதமும் வந்தது. குழு நல்லபடியாக எழுதிவிட்டுப் போனால் மேடத்தின் வேலையை நிரந்தரமாக்குவதாகத் தாளாளர் சொல்லியிருந்தார்.

தை பிறந்ததிலிருந்து ஒரு துளி மழை இல்லை. ஒருநாள் குழியோரத்துச் சருகை அள்ளும்போது மணலில் கை வைத்தேன். நனைந்திருந்தது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தேன். அப்போதும் நனைந்திருந்தது. மேல்மணல் நீலமும் மஞ்சளுமாகத் திட்டுத் திட்டாக மாறியிருந்தது. மோந்து பார்த்தேன், மூக்கு எரிந்தது.

அதே வாரம்தான் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து தோட்டத்து அம்மா கூப்பிட்டுச் சிரித்தார். "காலேஜுக்குப் பக்கத்துல இருக்கறமல்லங்க, எங்க கன்னுக்குட்டிக்கும் பவுசு வந்துபோச்சு. தொட்டித் தண்ணிய மோந்து பாத்துப்போட்டு மூஞ்சியத் திருப்பிக்குதுங்க." கன்று தொட்டிக்கு இரண்டடி தள்ளி நின்றது. நாக்கு வறண்டிருந்தும் கிட்ட வரவில்லை. "நீங்க மழத்தண்ணிய பூமிக்குள்ள உடறீங்களாமா. நல்லா இருப்பீங்க. எங்க கெணறும் ஊறும்" என்றார். அவர் பேரப்பிள்ளை தொட்டி விளிம்பில் உட்கார்ந்து, கையால் அள்ளிக் குடித்துக்கொண்டிருந்தான்.

அன்றைக்கே ஏணி வைத்துக் குழாயைத் தடம் பிடித்தேன். பின்சுவரில், மாடிக்கு ஏறும் வழியில், இரண்டாம் தளத்து வேதியியல் ஆய்வகத்தின் கழிவுக் குழாயும் அதே குழாயில் சேர்ந்திருந்தது. கட்டிய கொத்தனார் ஒரு குழாயை மிச்சம் பிடித்திருக்கிறார். முன்பு அது சாக்கடைக்குப் போனது. நான் பிடுங்கிக் குழியில் சேர்த்த நாளிலிருந்து அமிலமும் உப்புக் கரைசலும், மாணவர்கள் ஆய்வகக் கழுவுதொட்டியில் கொட்டிய அத்தனையும் நேராகப் பாறைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மழைதான் வரவில்லை.

மேடத்தைக் கூட்டிவந்து காட்டினேன். குத்தவைத்து உட்கார்ந்து மணலை விரலால் கிளறினார்.

"யாருகிட்டயாச்சும் சொன்னீங்களாண்ணா?"

"இல்லீங்க மேடம்."

"பத்து நாளுங்கண்ணா. கமிட்டி வந்துட்டுப் போயிரட்டும். அப்பறம் நானே மாத்திப்போடறேன்."

"அதுவரைக்கும் தோட்டத்துல குடிக்கறாங்களே, மேடம்."

அவர் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனார். அவரைக் கெட்டவர் என்று நான் அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. ஜூன் மாதத்தை நினைத்துப் பயந்தவர், அவ்வளவுதான்.

மூன்று நாள் பொறுத்தேன். நான்காம் நாள், ஆய்வக வகுப்பு நடக்கும்போதே ரம்பத்தை எடுத்துக் குழாயை அறுத்தேன். தண்ணீர் பீய்ச்சியடித்து, சுவரில் வழிந்து, பச்சைப் பலகையின் காலடியில் தேங்கியது. ஆபீஸ் மேனேஜர் ஓடி வந்தார். "கிறுக்குப் புடிச்சுப்போச்சா உனக்கு? கமிட்டி வர்ற நேரத்துல? மூட்டையக் கட்டுய்யா" என்றார். மேடம் மாடி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

தோட்டத்து அம்மா சொம்பை நீட்டியது அதற்கு அரைமணி நேரம் கழித்து. ஒரு வார்த்தை போதும், கிணற்றைத் தொடாதீர்கள் என்று. குழாயைச் சேர்த்தது யார் என்று கேட்பார்கள். நான்தான் என்று சொல்ல வேண்டும். மேடம் பெயரும் வரும். அறுத்துவிட்டோமே, போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கிணத்துக்கடவில் பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் புத்திக்கு உறைத்தது. அறுந்த குழாயை ஒட்ட ஒரு காலர் வளையமும் கொஞ்சம் பசையும் போதும். பத்து நிமிட வேலை. குழு வருவதற்குள் யாராவது ஒட்டியிருப்பார்கள். இறங்கித் திரும்பி நடந்திருக்கலாம். கோயமுத்தூர் காந்திபுரத்துக்கு டிக்கெட் எடுத்தேன்.

இத்தனை வருடங்களில் பொள்ளாச்சி ரோட்டில் எத்தனையோ முறை போயிருக்கிறேன். அந்தத் தோட்டம் இருக்கும் பக்கத்து ஜன்னலில் மட்டும் உட்காருவதில்லை.

குழாயை அறுத்ததற்கு மறுநாள் காலை காந்திபுரத்தில் ஒரு லாட்ஜில் வேலை கிடைத்தது. அறைகளுக்குக் குடிதண்ணீர் வைக்கும் வேலை. நான் சேர்ந்த நேரத்தில்தான் டேங்கர் லாரி வந்து கீழ்த்தொட்டியை நிரப்பிக்கொண்டிருந்தது. எங்கிருந்து தண்ணீர் என்று டிரைவரைக் கேட்டேன். "கெணத்துத் தண்ணிங்க. எந்தக் கெணறுன்னு கேட்டு என்ன, பொண்ணு குடுக்கப் போறீங்களா?" என்று சிரித்தார். லாட்ஜ் மேனேஜர் குடத்தை என் கையில் கொடுத்து, "யாராச்சும் கேட்டா சிறுவாணி ஆத்துத் தண்ணின்னு சொல்லிருங்க. கோயமுத்தூருக்கு வாரவங்க அந்தப் பேரத்தான் கேப்பாங்க" என்றார்.

முதல் அறையில் வெளியூர்ப் பெண் ஒருவர், காய்ச்சல் கண்ட குழந்தையை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள். பானையில் ஊற்றினேன். அவர் டம்ளரில் மொண்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"குழந்தைக்குக் குடுக்கலாமாங்க? நல்ல தண்ணிதானே?"

"சிறுவாணிங்க" என்றேன்.

அவர் டம்ளரைக் குழந்தையின் வாயில் வைத்தார். நான் குடத்தை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனேன்.